ஏன், எதுவரை: கன்சோல் அட்டவணையில் விட்டுப்போனவை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் சோனியின் பிளேஸ்டேஷன் 5 (பி.எஸ்.5), மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ், நிண்டெண்டோவின் ஸ்விட்ச் என்ற மூன்று வீடியோ கேம் பெட்டிகளையும் (கன்சோல்) ஒப்பிட்டு ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். தமிழ் நாளிதழ் ஒன்று வீடியோ கேமுக்கு இவ்வளவு இடம் கொடுத்தது எனக்குப் பெரிய சந்தோஷம். அந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கடையில் ஒட்டியும் வைத்திருக்கிறேன். ஆனால் அதன் நடுவிலிருந்த அட்டவணையைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. திங்கட்கிழமை முதலே அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆட்கள் என் கடைக்கு வரத் தொடங்கிவிட்டார்கள்.

நான் திருச்சி உறையூரில் கேம் சென்டர் நடத்தியவன். பி.எஸ்.2 காலத்தில் ஆரம்பித்த கடை. மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு பிள்ளைகளை விளையாட விட்ட காலம் போய், இன்று அதே இடத்தில் கன்சோல் பழுது பார்க்கிறேன், கன்ட்ரோலரில் தேய்ந்த ஸ்டிக் மாற்றுகிறேன், பழைய டிஸ்க் வாங்கி விற்கிறேன். எந்தப் பெட்டி வாங்கலாம் என்று கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் தாங்கள் விளையாடப் போவதில்லை. விளையாடப் போகிற பிள்ளையின் அப்பாவோ அம்மாவோ தாத்தாவோதான் வருகிறார்கள். அச்சில் வந்ததை அப்படியே நம்புகிறவர்கள் அவர்கள். அதனால்தான் இந்த அட்டவணை சரியாக இருக்க வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

ஒவ்வொரு பெட்டிக்கும் கீழே "இதில் மட்டும் கிடைக்கும்" என்று கேம்களின் பெயர்களை அடுக்கி, அடியில் மொத்தம் போட்டு, மொத்தம் அதிகமுள்ள பெட்டியை முதலிடத்தில் வைத்திருந்தது உங்கள் அட்டவணை. கேம் எக்ஸ்க்ளூசிவா இல்லையா என்பது ஒரு டிக் அடித்து முடிந்துவிடுகிற விஷயம் என்று எழுதியவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். ஒரு கேம் ஏன் ஒரே பெட்டியில் இருக்கிறது, எதுவரை அப்படி இருக்கும், இந்த இரண்டையும் கேட்காமல் போட்ட மொத்தத்தை நம்பி ஐம்பதாயிரம் ரூபாய் செலவு செய்யச் சொல்வது சரியில்லை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை லால்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். வீட்டில் ஏற்கெனவே பெரிய பையனுக்கு வாங்கிய பி.எஸ்.5 இருக்கிறது. சின்னவனுக்குக் கார் ஓட்டுகிற கேம்தான் உயிர். உங்கள் அட்டவணையில் ஃபோர்ஸா ஹொரைஸன் 5 எக்ஸ்பாக்ஸ் பகுதியில் இருக்கவே, இரண்டாவதாக ஒரு எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் வாங்கிவிடலாம் என்று முடிவு பண்ணிக்கொண்டு வந்திருக்கிறார். அந்த கேம் 2021 நவம்பரில் எக்ஸ்பாக்ஸிலும் கம்ப்யூட்டரிலும் வந்தது உண்மை. 2025 ஏப்ரல் 29 அன்று பி.எஸ்.5-க்கும் வந்துவிட்டது. வீட்டில் இருக்கிற பெட்டியிலேயே ஓடும் என்று சொன்னதும், மனிதர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பெட்டிக்குக் கொடுக்க இருந்த பணம் மொத்தமும் மிச்சம்.

அது ஒரு கேமின் கதை மட்டும் என்றால் நான் கடிதம் எழுத மாட்டேன். எக்ஸ்பாக்ஸ் பகுதியில் நீங்கள் போட்டிருந்த பெயர்களில் பெரும்பாலானவற்றின் நிலைமை இதுதான். 2024 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் தன் நான்கு கேம்களை மற்ற பெட்டிகளுக்கும் கொடுக்கப்போவதாக அறிவித்தது: பென்டிமென்ட், ஹை-ஃபை ரஷ், கிரவுண்டட், சீ ஆஃப் தீவ்ஸ். அப்போது நாலோடு நிற்கும் என்று பலரும் நினைத்தார்கள். 2024 டிசம்பரில் எக்ஸ்பாக்ஸில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேம் அடுத்த ஏப்ரலிலேயே பி.எஸ்.5-இல் வந்தது. பிறகு ஹெல்பிளேட் 2 வந்தது. 2025 ஆகஸ்ட் 26 அன்று நடந்ததை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் மறக்க மாட்டார்கள். எக்ஸ்பாக்ஸின் அடையாளமாக இருந்த கியர்ஸ் ஆஃப் வார், புதுப்பித்த வடிவில் பி.எஸ்.5-இல் வெளியானது. அதே நாளில் சோனி வெளியிட்ட ஹெல்டைவர்ஸ் 2 எக்ஸ்பாக்ஸில் வெளியானது. இரண்டு கம்பெனிகளும் ஒரே நாளில் ஒன்றின் வீட்டுக்குள் மற்றொன்று போய் வந்தன.

ஹேலோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1999-இல் ஸ்டீவ் ஜாப்ஸ் ஆப்பிள் மேடையில் அறிமுகப்படுத்திய கேம் அது. அடுத்த வருடமே அதைச் செய்துகொண்டிருந்த பஞ்சி நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2001 நவம்பரில் முதல் எக்ஸ்பாக்ஸோடு சேர்ந்து வந்த ஹேலோதான் அந்தப் பெட்டியை விற்றது. எக்ஸ்பாக்ஸ் என்றால் ஹேலோ என்று ஒரு தலைமுறை வளர்ந்தது. அந்த முதல் ஹேலோவின் புதிய வடிவம் 2026-இல் பி.எஸ்.5-க்கும் வரும் என்று 2025 அக்டோபரில் அறிவித்துவிட்டார்கள். ஹேலோவே போகிறது என்றால், எக்ஸ்பாக்ஸ் பகுதியில் ஒரு பெயரை எழுதும் முன் அதன் பக்கத்தில் தேதி போட வேண்டாமா?

இன்னொன்று, மைக்ரோசாஃப்ட் தன் சொந்த கேம்களை எக்ஸ்பாக்ஸில் வெளியிடும் அன்றே கம்ப்யூட்டரிலும் வெளியிடுவது பல வருட வழக்கம். வீட்டில் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டர் இருக்கிற இன்ஜினியரிங் மாணவனுக்கு உங்கள் எக்ஸ்பாக்ஸ் பட்டியல் முழுவதும் ஏற்கெனவே கையில் இருக்கிறது. சோனி பகுதியிலும் பாதி அப்படித்தான், கொஞ்சம் தாமதம் அவ்வளவுதான். ஹொரைஸன் ஸீரோ டான் 2017-இல் பி.எஸ்.4-இல் வந்தது, 2020-இல் கம்ப்யூட்டருக்கு வந்தது. 2018-இன் காட் ஆஃப் வார், ஸ்பைடர்மேன் இரண்டும் 2022-இல் வந்தன. கோஸ்ட் ஆஃப் சுஷிமா 2020-இல் வந்து 2024 மே மாதம் கம்ப்யூட்டரைத் தொட்டது. ராட்செட் அண்ட் கிளாங்க் ரிஃப்ட் அபார்ட் 2021-இல் வந்தபோது, பி.எஸ்.5-க்குள் இருக்கும் வேகமான எஸ்.எஸ்.டி. சேமிப்பகம் இல்லாமல் இந்த கேமே சாத்தியமில்லை என்று விளம்பரம் செய்தார்கள். 2023-இல் கம்ப்யூட்டருக்கு வந்தபோது, குறைந்தபட்சத் தேவை என்று போட்ட பட்டியலில் சாதாரண ஹார்டு டிஸ்க் இருந்தது. எஸ்.எஸ்.டி. இருந்தால் நன்றாக ஓடும் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் "இந்தப் பெட்டியில் மட்டும்தான் முடியும்" என்று கம்பெனி சொல்வதைப் பத்திரிகை அப்படியே எடுத்துப் போடக்கூடாது.

சரி, கம்ப்யூட்டருக்குப் போகாதவை எவை? எண்ணிக்கை குறைவு, ஆனால் கனம் அதிகம். 2015-இல் வந்த பிளட்போர்ன் இன்றுவரை பி.எஸ்.4 கேமாகவே இருக்கிறது. பி.எஸ்.5-இல் போட்டாலும் திரையில் விநாடிக்கு 30 ஃபிரேம் (படங்கள்) மட்டும்தான். பி.எஸ்.5-ஓடு சேர்ந்து வந்த டீமன்ஸ் சோல்ஸ் அந்தப் பெட்டியை விட்டு நகரவில்லை. 2024 செப்டம்பரில் வந்த ஆஸ்ட்ரோ பாட் அந்த வருடத்தின் சிறந்த கேம் விருதை வாங்கியது. ஆறு வயதுக் குழந்தையின் கையில் கன்ட்ரோலரைக் கொடுத்து அதை விளையாட வைத்துப் பாருங்கள். கண்ணாடி மேல் நடந்தால் ஒரு அதிர்வு, மணலில் நடந்தால் வேறு அதிர்வு. அந்தக் கன்ட்ரோலரை மனதில் வைத்துச் சுமார் அறுபது பேர் கொண்ட ஒரு குழு செய்த கேம் அது. உங்கள் அட்டவணையில் ஆஸ்ட்ரோ பாட்டுக்கும் ஒரு டிக், சில மாதங்களில் வேறு பெட்டிக்குப் போய்விட்ட கேமுக்கும் ஒரு டிக். இரண்டும் எப்படி ஒன்றாகும்?

"ஏன்" என்ற கேள்விக்கு வருகிறேன். எனக்கு மிகவும் முக்கியமான இடம் இதுதான்.

தொண்ணூறுகளில் நம் ஊர் வீடுகளில் டிவியோடு இணைத்து விளையாடிய பெட்டிகள் நினைவிருக்கும். மஞ்சள் கேசட், அதற்குள் மாரியோ, கான்ட்ரா எல்லாம் ஒன்றாக. அவை நிண்டெண்டோவின் ஃபேமிகாம் பெட்டியைப் பார்த்துச் செய்த நகல்கள். நாம் இந்தப் பக்கம் எல்லாவற்றையும் ஒரே கேசட்டில் விளையாடிக்கொண்டிருந்தோம். அசல் பெட்டி விற்ற அமெரிக்காவில் நிலைமை வேறாக இருந்தது. நிண்டெண்டோவுக்குக் கேம் செய்ய உரிமம் வாங்கும் நிறுவனம் வருடத்துக்கு ஐந்து கேம்கள்தான் வெளியிடலாம். வெளியிட்ட கேமை இரண்டு வருடங்களுக்கு வேறு பெட்டிக்குக் கொடுக்கக்கூடாது. உரிமம் இல்லாத கேசட் ஓடாதபடி பெட்டிக்குள்ளேயே ஒரு சிப் காவல் இருந்தது. கான்ட்ராவைச் செய்த கொனாமி, ஐந்து போதாமல், அல்ட்ரா கேம்ஸ் என்று இன்னொரு பெயரில் நிறுவனம் தொடங்கி அதன் மூலம் கூடுதல் கேம்களை வெளியிட்டது. எக்ஸ்க்ளூசிவ் என்பது அங்கே ஒப்பந்தப் பூட்டாக ஆரம்பித்தது. யாருடைய கலைக்கும் தொழில்நுட்பத்துக்கும் அதில் பங்கு இல்லை.

அதற்குப் பிறகு வந்த ஒரு பிரிவு வேறு காரணத்தால் நடந்தது. ஃபைனல் ஃபேன்டஸி வரிசையின் முதல் ஆறு கேம்களும் நிண்டெண்டோ பெட்டிகளில் வந்தவை. ஏழாவதைச் செய்யும்போது ஸ்கொயர் நிறுவனத்துக்குப் படக்காட்சிகள் வைக்க இடம் வேண்டியிருந்தது. நிண்டெண்டோ 64 கேட்ரிட்ஜையே பிடித்துக்கொண்டிருந்தது, அதன் அதிகபட்சக் கொள்ளளவே 64 எம்.பி. சோனியின் பிளேஸ்டேஷன் குறுந்தகட்டில் 650 எம்.பி. அளவுக்கு இடம். 1997-இல் அந்த கேம் மூன்று குறுந்தகடுகளில் பிளேஸ்டேஷனில் வந்தது. இங்கே பெட்டியின் தன்மைதான் கேம் எங்கே போகும் என்று முடிவு செய்தது. இப்படிப்பட்ட காரணம் இன்று அநேகமாக இல்லை. இன்றைய பி.எஸ்.5-உம் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸும் உள்ளே ஏறக்குறைய ஒரே வகைக் கருவிகள். இரண்டிலும் ஏ.எம்.டி. சிப்தான்.

அப்படியானால் இன்று ஒரு கேம் ஒரே பெட்டியில் இருப்பதற்கு மீதமிருக்கும் காரணம் பணம். அந்தப் பணமும் இரண்டு விதமாகப் போகிறது. ஒன்று, கேம் பிறப்பதற்காகப் போடும் பணம். பேயோனெட்டா என்ற கேம் 2009-இல் பி.எஸ்.3, எக்ஸ்பாக்ஸ் 360 இரண்டிலும் வந்தது. அதன் இரண்டாம் பாகத்துக்குப் பணம் போடுவதை, முதல் பாகத்தை வெளியிட்ட சேகா நிறுவனம் கைவிட்டது. நிண்டெண்டோ முன்வந்து பணம் போட்டது. 2014-இல் நிண்டெண்டோவின் வீ யூ என்ற பெட்டியில் மட்டும் அது வந்தபோது, முதல் பாகத்தை மற்ற பெட்டிகளில் விளையாடியவர்களுக்குக் கோபம் வந்தது நியாயம்தான். ஆனால் நிண்டெண்டோ இல்லையென்றால் அந்த கேம் யாருக்குமே இருந்திருக்காது. இதை நான் எக்ஸ்க்ளூசிவ் என்று மனதார ஏற்பேன். பணம் போட்டவன் தன் பெட்டியில் வைத்துக்கொள்கிறான்.

இன்னொன்று, எப்படியும் எல்லாப் பெட்டிக்கும் வரப்போகிற கேமைக் கொஞ்ச காலம் மற்றவர்களுக்குக் கொடுக்காமல் நிறுத்திவைக்கப் போடும் பணம். 2013-இல் டூம் ரெய்டர் பி.எஸ்.3, எக்ஸ்பாக்ஸ் 360 இரண்டிலும் வந்தது. அதன் அடுத்த பாகம் 2015 நவம்பரில் எக்ஸ்பாக்ஸில் மட்டும் வந்தது, பி.எஸ்.4 வைத்திருந்தவர்கள் 2016 அக்டோபர் வரை காத்திருந்தார்கள். சோனியும் இதையே செய்கிறது. ஃபைனல் ஃபேன்டஸி 16 பி.எஸ்.5-இல் 2023 ஜூனில் வந்தது, கம்ப்யூட்டருக்கு 2024 செப்டம்பர், எக்ஸ்பாக்ஸுக்கு 2025 ஜூன். இந்தப் பணத்தால் ஒரு கேம்கூடப் புதிதாகப் பிறக்கவில்லை. வேறு பெட்டி வைத்திருக்கிற பிள்ளை ஒரு வருடம் காத்திருக்க வேண்டியதுதான் மிச்சம். இவற்றை எக்ஸ்க்ளூசிவ் கணக்கில் சேர்க்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. சேர்த்தால், நிறுத்திவைக்கிற வேலைக்கு நாமே மதிப்பெண் கொடுக்கிறோம்.

இதில் நம் நாட்டுக்கே நடந்த ஒன்று எனக்கு இன்னும் வருத்தம் தருகிறது. புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் என்ற சின்ன நிறுவனம் செய்த ராஜி என்ற கேம் 2020 ஆகஸ்டில் வெளியானது. ராஜஸ்தான் அரண்மனைச் சுவர்கள், கோயில் சிற்பங்கள், சூலம் ஏந்திய ஒரு பெண், நம் புராணத்து அசுரர்கள் என்று அப்படி ஓர் அழகு. முதலில் அது நிண்டெண்டோ ஸ்விட்சில் மட்டும் வந்தது. ஸ்விட்சை நிண்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்பதே இல்லை! நம் பிள்ளைகள் நம்மவர் செய்த கேமை விளையாட அக்டோபர் வரை காத்திருந்து, மற்ற பெட்டிகளிலும் கம்ப்யூட்டரிலும் வந்தபின் வாங்கினார்கள். அந்த நிறுவனத்தை நான் குறை சொல்லவில்லை. நிண்டெண்டோவின் மேடை கிடைத்தது அவர்களுக்கு உலகத்துக்கே தெரிய ஒரு வழி. ஆனால் பூட்டு போடும்போது வெளியே நிற்பவர்கள் யார் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. கனடாவில் இருக்கும் தமிழ்க் குழுவினர் செய்த வெண்பா 2023 ஜூலை 31 அன்று ஸ்விட்ச், பி.எஸ்.5, எக்ஸ்பாக்ஸ், கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் ஒரே நாளில் வந்தது. ஒரு தமிழ் அம்மா இட்லி ஊற்றுகிற கேமை, கடையில் எந்தப் பெட்டி வைத்திருக்கிறவர் கேட்டாலும் எடுத்துக் காட்ட முடிந்தது எனக்கு.

நிண்டெண்டோ பகுதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மூன்றில் உண்மையான எக்ஸ்க்ளூசிவ் பட்டியல் அங்கேதான் இருக்கிறது. செல்டா, மாரியோ, அனிமல் கிராஸிங், இவை கம்ப்யூட்டருக்கும் வராது, சோனிக்கும் வராது. 2017-இல் வந்த செல்டா கேமான பிரெத் ஆஃப் தி வைல்டை நிண்டெண்டோ பெட்டிகளை விட்டால் வேறு எங்கும் விளையாட முடியாது. குழந்தைகள், பெற்றோர், பாட்டி எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து விளையாட இந்தப் பட்டியலுக்கு ஈடாக வேறு எதையும் நான் பார்த்ததில்லை. வேறு கேமே வேண்டாம் என்று ஒரு வீடு சொன்னால் நான் ஸ்விட்சைத்தான் கைகாட்டுவேன்.

ஆனால் நீங்கள் சொல்லாமல் விட்டது நிறைய. அந்தப் பெட்டி இங்கே இறக்குமதிக் கடைகள் வழியாகத்தான் வருகிறது. கம்பெனியின் வாரண்டி இங்கே செல்லாது. இந்தியாவுக்கென்று அவர்களுடைய ஆன்லைன் கடை இல்லை, வேறு நாட்டுக் கணக்கு தொடங்கித்தான் வாங்க வேண்டும். கேம் விலை வருடக்கணக்கில் இறங்குவதில்லை. அதில் ஒரு நன்மையும் உண்டு. விளையாடி முடித்த செல்டா கார்டை என்னிடம் கொண்டுவந்தால் போட்ட காசில் பெரும்பகுதி திரும்பிவிடும். பி.எஸ்.5 டிஸ்க்குக்கு அப்படிச் சொல்ல முடியாது. ஆறு மாதத்தில் விலை பாதிக்குப் போய்விடும்.

மாரியோ கார்ட் 8 டீலக்ஸை ஸ்விட்சின் எக்ஸ்க்ளூசிவ் என்று போட்டிருந்தீர்கள். அது 2014-இல் வீ யூ பெட்டிக்கு வந்த கேம், 2017-இல் சில சேர்க்கைகளோடு ஸ்விட்சுக்கு வந்தது. வீ யூ மொத்தம் ஒன்றரைக் கோடிகூட விற்கவில்லை. அதில் வந்த நல்ல கேம்களை ஒவ்வொன்றாக ஸ்விட்சுக்குக் கொண்டுவந்து மறுபடி விற்றார்கள். வீ யூவில் வாங்கியவருக்கு அந்த டிஸ்க் ஸ்விட்சில் ஓடாது, திரும்பவும் முழு விலை. ஸ்விட்சுக்கு அடுத்து வந்த ஸ்விட்ச் 2 அப்படி இல்லை, பழைய ஸ்விட்ச் கார்டுகளில் மிகப் பெரும்பாலானவை அதில் ஓடும். இது வாங்குகிறவருக்கு எவ்வளவு முக்கியம்! பி.எஸ்.5-உம் பி.எஸ்.4 டிஸ்க்குகளை அநேகமாக எல்லாவற்றையும் ஓட்டும், ஆனால் பி.எஸ்.3 டிஸ்க் ஒன்றும் ஓடாது. பழையதைக் காப்பாற்றுவதில் மூன்றிலும் நேர்மையாக நடந்தது எக்ஸ்பாக்ஸ்தான். முதல் எக்ஸ்பாக்ஸ், 360 காலத்து கேம்களில் பல நூறு இன்றைய சீரிஸ் எக்ஸில் அந்தப் பழைய டிஸ்க்கைப் போட்டாலே வேலை செய்கின்றன. புது கேம்களுக்காக எக்ஸ்பாக்ஸ் வாங்க வேண்டாம் என்று சொல்கிற நான், பழைய கேம்களுக்காக வாங்குகிறேன் என்று ஒருவர் வந்தால் தடுக்க மாட்டேன். இந்தச் செய்திக்கு உங்கள் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை.

இப்போது என் கடையின் அனுபவத்திலிருந்து ஒன்று. என் கேம் சென்டர் ஓடியதற்குக் காரணம் காட் ஆஃப் வாரோ ஷேடோ ஆஃப் தி கொலோசஸோ இல்லை. 2003-இல் வந்த டபிள்யூ.டபிள்யூ.இ. ஸ்மாக்டவுன் ஹியர் கம்ஸ் தி பெய்ன். நாலு கன்ட்ரோலர் போட்டு, நாலு பையன்கள் தோளோடு தோள் இடித்து, அண்டர்டேக்கர் எனக்கு, ராக் உனக்கு என்று சண்டை பிடித்து விளையாடியது அதுதான். பள்ளி விட்டால் நேராக வந்து வரிசையில் நிற்பார்கள். அந்த கேம் பி.எஸ்.2-இல் மட்டும் வந்தது. வேறு எந்தப் பெட்டிக்கும் இன்றுவரை வரவில்லை. வீரர்களின் பெயர், உருவம், நுழைவு இசை எல்லாவற்றுக்கும் உரிமம் வேண்டும். வெளியிட்ட டி.எச்.க்யூ நிறுவனமோ 2013-இல் இல்லாமலே போய்விட்டது. எந்த நிபுணரின் "சிறந்த எக்ஸ்க்ளூசிவ்" பட்டியலிலும் இந்தப் பெயரை முன்வரிசையில் நான் பார்த்ததில்லை. தமிழ்நாட்டில் அந்தக் காலத்துப் பையன் எவனையும் கேளுங்கள், முதலில் இதைத்தான் சொல்வான். இன்று முப்பது வயது தாண்டிய அவர்கள் என்னிடம் வந்து அந்த டிஸ்க்கும் அதை ஓட்டுகிற ஒரு பி.எஸ்.2-உம் கேட்கிறார்கள். லென்ஸ் தேயாத பெட்டி கிடைப்பது கஷ்டமாகிக்கொண்டே வருகிறது.

அதே பெட்டியில் நம் நாட்டில் செய்த கேம்களும் வந்தன. 2009-இல் ஹைதராபாத்தில் செய்த ஹனுமான் பாய் வாரியர், கபடியும் கில்லியும் வைத்த தேசி அட்டா, இரண்டும் என் அலமாரியில் இருக்கின்றன. கேமாக அவை சுமார்தான், ஆனால் இங்கே கன்சோலுக்கு முதலில் செய்தவர்களின் உழைப்பு. பி.எஸ்.2 நின்றால் அவையும் நிற்கும். ஒரே பெட்டியில் பூட்டி வைப்பதன் கடைசிக் கட்டம் இது. பூட்டியவர்கள் சாவியைத் தேடுவதில்லை. டிஸ்க் இருக்கிறவரை என் மாதிரி ஆட்களாவது ஏதோ செய்யலாம். ஆன்லைனில் மட்டும் விற்ற கேமுக்கு அந்த வழியும் கிடையாது. 2023 மார்ச்சில் நிண்டெண்டோ வீ யூ, 3டிஎஸ் பெட்டிகளின் ஆன்லைன் கடையை மூடியது. 2024 ஜூலையில் எக்ஸ்பாக்ஸ் 360-இன் கடையை மூடினார்கள். அங்கே மட்டும் கிடைத்த கேம்களைப் புதிதாக ஒருவர் காசு கொடுத்து வாங்க வழியில்லை.

டிஸ்க் விஷயம் நம் ஊருக்கு இன்னும் முக்கியம். பி.எஸ்.5 இங்கே 2021 பிப்ரவரியில் வந்தபோது டிஸ்க் போடுகிற பெட்டி 49,990 ரூபாய், டிஸ்க் இல்லாதது 39,990 ரூபாய். சோனியின் புது கேம் ஒன்று அப்போது 4,999 ரூபாய். பத்தாயிரம் மிச்சம் என்று டிஸ்க் இல்லாததை வாங்கிப் போனவர்கள் ஒவ்வொரு கேமையும் ஆன்லைனில் முழு விலைக்கு வாங்க வேண்டியதாகிறது. நண்பனிடம் இரவல் வாங்க முடியாது, முடித்ததை விற்கவும் முடியாது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்ஸிலும் டிஸ்க் போட இடமில்லை. ஸ்விட்ச் 2-இல் புதிதாக ஒன்று வந்திருக்கிறது: சில கேம்களின் கார்டுக்குள் கேம் இல்லை, அனுமதி மட்டும் இருக்கிறது, கேமை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். என் கடையில் ஒரு தெருவே ஒரு டிஸ்க்கைச் சுற்றி விளையாடுகிறது. ஆட்டோ ஓட்டுகிற ஒருவர் பழைய பி.எஸ்.4 வாங்கி, அன்சார்ட்டட் 4, ஹொரைஸன், ஸ்பைடர்மேன் என்று ஒவ்வொன்றாக என்னிடம் வாங்கி, முடித்ததும் கொடுத்து அடுத்ததை எடுத்துப் போகிறார். உங்கள் அட்டவணையில் பி.எஸ்.4 என்ற பெயரே கிடையாது. குறைந்த செலவில் அதிகமான நல்ல எக்ஸ்க்ளூசிவ் கேம்களை விளையாட இன்றைக்கும் அதைவிட நல்ல பெட்டி கிடையாது.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் இது. தீபாவளி போனஸ் கையில் வந்ததும் நிறையப் பேர் கன்சோல் வாங்குவார்கள். அதற்கு முன் அந்த அட்டவணையை ஒருமுறை திருத்திப் போடுங்கள். மொத்தம் போட்டு ரேங்க் கொடுப்பதை எடுத்துவிடலாம். ஒவ்வொரு கேமின் பெயருக்கும் பக்கத்தில் அது முதலில் வந்த தேதி, கம்ப்யூட்டருக்கோ வேறு பெட்டிக்கோ வந்திருந்தால் அந்தத் தேதி, பெட்டிக் கம்பெனியே காசு போட்டுச் செய்ததா அல்லது கொஞ்ச காலத்துக்கு நிறுத்திவைத்ததா, டிஸ்க்கில் கிடைக்குமா, இந்திய விலை என்ன, இவ்வளவும் இருந்தால் போதும். பட்டியல் நீளம் பாதியாகிவிடும் என்று பயப்பட வேண்டாம். பெற்றோருக்கு அந்தப் பாதிதான் வேண்டும். தேதிகளைச் சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், காசு வேண்டாம். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் மதியம் கடையில் கூட்டம் இருக்காது.

இப்படிக்கு,
உறையூர் பழைய கேம் சென்டர்காரர்,
திருச்சி.